இருபத்திரண்டாம் மாடியில் ஒரு தெரு

சொங்சிங், சீனா
29 செப்டெம்பர் 2025

அண்ணா,

வந்து சேர்ந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன் எடுக்க வேண்டாம் என்று விமான நிலையத்தில் சொன்னதில் மாற்றமில்லை. கதைத்தால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் ஒன்பது சொல்வேன். ஈமெயிலில் எழுதினால் இடையில் மூச்சு விடலாம்.

"அப்பாவை என்ர தலையில கட்டிப்போட்டு ஊர் சுத்தப் போறாய்" என்று விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரில் வைத்துச் சொன்னீர்கள். அப்பா உங்களுக்குப் பக்கத்துச் சீற்றில்தான் இருந்தார். எழுபத்தாறு வயதானாலும் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அம்மா போய் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் வெக்ஸ்போர்ட்டில், அந்தச் சின்ன அப்பாட்மென்டில் அவரோடு இருந்தவள் நான். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் நீங்கள் வாங்கிய வீட்டில் அறைகள் சும்மா கிடக்கின்றன. இரண்டு கிழமை அப்பாவை வைத்திருங்கள் என்று கேட்டேன், அவ்வளவுதான். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

எழுதுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

இந்த ஊருக்குத் தரை எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. மலைமேல் மலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். காலையில் ஹொட்டேலை விட்டு வெளிக்கிட்டு ஒரு பெரிய சதுக்கத்துக்கு வந்தேன். பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், ஒருவர் பலூன் விற்கிறார். ஓரத்தில் இருந்த கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கீழே, வெகு கீழே, இன்னொரு தெரு. அதில் பஸ் ஓடுகிறது, மரங்கள் நிற்கின்றன. நான் நின்றது ஒரு கட்டடத்தின் இருபத்திரண்டாம் மாடி. கீழ்த்தெருவில் இருப்பவர்களுக்கு அது கூரை, மேல்தெருவில் இருப்பவர்களுக்கு அது வாசல்.

பிறகு ஒரு ரயில் பார்க்கப் போனேன். ஆட்கள் குடியிருக்கும் மாடிக்கட்டடத்துக்கு நடுவால் அது உள்ளே நுழைந்து மறுபக்கத்தால் போகிறது. மேலே ஒரு வீட்டில் உடுப்புக் காய்கிறது. கீழே நூற்றுக்கணக்கான சனம் வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்கிறது. ஏனென்று பார்த்தால், ரயில் வாய்க்குள் போவது போலப் படம் எடுக்கிறார்களாம். நானும் திறந்தேன். சரியாக விழவில்லை.

பக்கத்துக் கட்டிலில் செலீன் தூங்குகிறாள். உங்களையும் பிரதீபா அண்ணியையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அப்பாவுக்கு இரவில் பால் கொடுக்க வேண்டாம், செமிக்காது.

தக்ஷிகா


ஸ்ரௌவ்வில்
1 ஒக்டோபர் 2025

தக்ஷி,

செலீன் தூங்குவதாக எழுதியிருந்தாய். நேற்றுப் பின்னேரம் பிரதீபா மீன்கடைக்குப் போன இடத்தில் செலீனும் மீன் வாங்கிக்கொண்டு நின்றாளாம். உன்னோடு பல் வைத்தியரிடம் வேலை செய்யும் அதே செலீன்தான். "தக்ஷிகாவோட சைனா போகேல்லையோ?" என்று பிரதீபா கேட்க, அந்தப் பிள்ளை முழுசிப்போட்டு, பாரை மீனைக் கையில் வைத்துக்கொண்டே, தன் தாய்க்குக் காய்ச்சல் என்று சொன்னதாம்.

நீ யாரோடு போயிருக்கிறாய்? யாரும் இருந்தால் சொல்லிவிடு. உனக்கு நாற்பத்தொரு வயது. நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பிரதீபாதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். மனிசன் ஓரிடத்தில் இருக்கிறார் இல்லை. காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் இந்தத் தெரு, அந்தத் தெரு, பின்தெரு என்று சுற்றிக்கொண்டே இருக்கிறார். இங்கே வீடெல்லாம் ஒரே அச்சு என்று உனக்குத் தெரியும். முந்தநாள் யாரோ ஒருவருடைய கதவில் எங்கள் திறப்பைப் போட்டுத் திருகியிருக்கிறார். அந்த மனிதர் வந்து திறந்திருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது இரண்டு பேரும் அவர் வீட்டுப் படியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அப்பாவின் ஆங்கிலம் நீ அறிந்ததுதான்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டார், "இஞ்ச பஸ் எங்க வாறது?"

"கிட்டடியில பஸ் இல்லை அப்பா. எங்க போகோணும் எண்டு சொல்லுங்கோ, நான் ஏத்திக்கொண்டு போறன்."

"போற இடம் தெரிஞ்சால் நீ ஏத்திக்கொண்டு போவாய். எனக்குச் சும்மா போகோணும்."

இதற்கு நான் என்ன செய்கிறது? வேலையில் இருந்துகொண்டு நாலு தரம் வீட்டுக்குப் போன் எடுக்கிறேன். நேற்று மீற்றிங்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் நான் கேட்கவில்லையாம். பிரதீபாவுக்கும் அலுத்துவிட்டது. பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் தெரிகிறது. நீ பன்னிரண்டாம் திகதி வந்தவுடன் நேரே இங்கே வா. பழையபடி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

பால் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக் குடிக்கிறார்.

அண்ணா


சொங்சிங்
4 ஒக்டோபர் 2025

அண்ணா,

யாரோடும் வரவில்லை. தன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று செலீன் கடைசிக் கிழமையில் நின்றுவிட்டாள். தனியப் போகிறேன் என்றால் விட்டிருப்பீர்களா? நீங்கள் விட்டாலும் அண்ணி விட்டிருப்பாரா? அப்பாவே "பேந்து ஒருக்காப் போகலாம்தானே" என்று சொல்லியிருப்பார். அதனால் சொல்லவில்லை. அண்ணியிடம் சொல்லுங்கள், ஆம்பிளை ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் பெட்டி தூக்கவாவது உதவியிருக்கும்.

நான் வந்த நேரம் இங்கே தேசிய விடுமுறை. முழு நாடும் வெளிக்கிட்டு இந்த ஊருக்கே வந்துவிட்டது போலக் கிடக்கிறது. நல்லூர்த் தேரில் நெரிபட்ட கதையை நீங்கள் சொல்வீர்களே, அந்தத் தேர்ச்சனத்தை எடுத்து ஒவ்வொரு தெருமுனையிலும் வைத்துப் பாருங்கள். முந்தநாள் மாலை ஆற்றங்கரையில், குன்றோடு ஒட்டிப் பதினொரு மாடிக்குக் கட்டிய பழைய பாணிக் கடைத்தொகுதி ஒன்றைப் பார்க்கப் போனேன். விளக்குப் போட்டால் முழுவதும் பொன்னிறமாக இருக்கும் என்றார்கள். அதைப் பார்க்க நல்ல இடம் எதிரே உள்ள பாலமாம். பாலத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டுச் சனத்துக்குத் திறந்து விட்டிருந்தார்கள். ஆறு வாகனம் போகும் அகலத்துக்குத் தலைகள். பொலிஸ்காரர்கள் கை கோர்த்து நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறாள். நிற்காதே, நட என்பதாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நின்றவர்களையெல்லாம் நடக்க வைத்தார்கள்.

படம் எடுக்க நினைத்து நான் நின்றேன். பின்னால் வந்தவர்கள் முட்டினார்கள். ஒரு கால் சப்பாத்துக் கழன்றுவிட்டது. குனிந்தால் அவ்வளவுதான், மேலால் ஏறிப்போவார்கள் என்று தெரிந்தது. அப்போது ஒரு நடுத்தர வயதுப் பெண் என் முழங்கையைப் பிடித்தாள். தன் காலால் சப்பாத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, நான் அதை மாட்டும் வரை முதுகால் சனத்தைத் தாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு பாலம் முடியும் மட்டும் கையை விடவில்லை. எனக்கு விளங்கும் என்று நினைத்தாளோ என்னவோ, சீனத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஏதோ குறை சொல்லும் குரல். புருசனைப் பற்றியோ, மருமகளைப் பற்றியோ. நானும் தமிழில் "ஓம், ஓம், அப்பிடித்தான்" என்றேன். அக்கரையில் கையை விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

அதன் பிறகு என்னால் அறைக்குப் போக முடியவில்லை. படியில் இறங்கினேன், ஏறினேன், எந்தப் பக்கம் சனம் போனதோ அந்தப் பக்கம் போனேன். மூங்கில் தடியில் சுமை கட்டித் தோளில் வைத்துக்கொண்டு போன ஒருவருக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கே நிற்கிறாய், எப்ப வருவாய், சாப்பாடு என்ன செய்தாய். ஒன்றுமே இல்லை. ஒட்டாவாவில் வேலை வந்தபோது, அப்பாவுக்காக வேண்டாம் என்றேனே, அது ஏனோ அந்தப் படிகளில் நினைவுக்கு வந்தது. கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடு நடந்தால் படி தெரிவதில்லை.

ரிக்கெற்றை மாற்றிவிட்டேன். பன்னிரண்டாம் திகதி வரமாட்டேன். இங்கிருந்து யாங்சி ஆற்றால் படகில் கீழே போகலாமாம். அதற்குப் பிறகு சங்காய். மாதக் கடைசியில் வருகிறேன். திட்டுவதென்றால் ஒரே கடிதத்தில் திட்டி முடியுங்கள்.

தக்ஷிகா


ஸ்ரௌவ்வில்
6 ஒக்டோபர் 2025, பின்னேரம்

தக்ஷி,

திட்ட எழுதத்தான் இருந்தேன். இப்போது அது இல்லை.

அப்பாவைக் காணவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வழமைபோல நடக்கப் போனவர். மத்தியானம் வரவில்லை. போனை சார்ஜில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நானும் பிரதீபாவும் ஒவ்வொரு தெருவாகக் காரில் போய்ப் பார்த்துவிட்டோம். அப்பா திறப்புப் போட்டுத் திருகிய அந்த வீட்டு மனிதரும் தன் மகனைக் கூட்டிக்கொண்டு தேடுகிறார். இங்கே பின்னால் ஒரு குளமும் பற்றையும் இருக்கிறது. அங்கேயும் போய்ப் பார்த்தேன். பொலிசுக்குச் சொல்லியாயிற்று. என்ன நிற உடுப்பு என்று கேட்டார்கள். தெரியவில்லை, தக்ஷி. காலையில் என் முன்னால் இருந்து பாண் சாப்பிட்ட மனிசன் என்ன சேட்டுப் போட்டிருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

வெக்ஸ்போர்ட்டுக்கும் போய் உங்கள் கதவைத் தட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

உனக்கு எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அங்கே விடியாத நேரம் என்று பிறகுதான் யோசித்தேன். பார்த்தவுடன் பதில் போடு. அவர் எங்கே போவார்? உனக்குத்தான் தெரியும்.

அண்ணா


சொங்சிங்
7 ஒக்டோபர் 2025, விடிய

அண்ணா,

இப்போதுதான் பார்த்தேன். உங்களுக்கு எடுக்க எடுக்க லைன் பிஸியாகவே இருக்கிறது.

எங்கள் அப்பாட்மென்டில் கீழ்மாடியில் நீக்கிலாஸ் அங்கிள் இருக்கிறார். முந்தி அப்பாவோடு பாண் பேக்கரியில் வேலை செய்தவர், மனைவி இல்லாதவர். எங்கள் கதவைத் தட்டிப் பயனில்லை, அவருடைய கதவைத் தட்டுங்கள். அவரும் இல்லாவிட்டால் லோறன்ஸ் வீதி மூலையில் கோப்பியும் டோனற்றும் விற்கும் கடைக்குப் போங்கள். அவரும் அப்பாவும் பின்னேரங்களில் அங்கேதான் இருப்பார்கள். காரில்லாமல் எப்படி வருவார் என்று நினைக்காதீர்கள். அப்பா இரண்டு மூன்று பஸ் மாறிப் போகக்கூடியவர்.

வெளிர் நீலச் சேட்டாகத்தான் இருக்கும். திங்கட்கிழமையில் அதைத்தான் போடுவார்.

நான் பெட்டி அடுக்கிவிட்டேன். ஆனால் நாளையோடு விடுமுறை முடிகிறது, ஊரே திரும்பிப் போகிறது. விமானத்தில் இடமில்லை. ரயிலிலும் இல்லை. ஹொட்டேல் பெண்ணிடம் "என்னுடைய அப்பா" என்று மட்டும் போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவள் எழுந்து வந்து என்னை நாற்காலியில் இருத்திவிட்டு எல்லா இடத்துக்கும் போன் போட்டுப் பார்க்கிறாள். நாளை மறுதினம்தான் கிடைக்கும் போல. இவ்வளவு சனத்துக்கும் போக வழி இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை.

ஏதாவது எழுதுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் தெரியவில்லை என்று எழுதுங்கள்.

தக்ஷிகா


ஸ்ரௌவ்வில்
7 ஒக்டோபர் 2025

தக்ஷி,

"இருக்கிறார்" என்று நேற்றே ஒற்றைச் சொல்லில் அனுப்பியதைப் பார்த்திருப்பாய். இப்போது விபரமாக எழுதுகிறேன். முதலில் பெட்டியைப் பிரித்து வை.

நீ சொன்ன டோனற் கடைக்குள் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போகிறேன். மூலை மேசையில் நாலு பேர். அப்பா வெளிர் நீலச் சேட்டோடு சீட்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். பக்கத்தில் ஆறிப்போன கோப்பி. முந்நூற்றிநாலு விளையாட்டு.

"என்னப்பா செய்யிறியள்?" என்று கத்திவிட்டேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கொஞ்சம் பொறு. துருப்புக் கேட்டிருக்கிறன்" என்றார்.

நான் அந்த இடத்திலேயே கதிரையை இழுத்து இருந்துவிட்டேன். நீக்கிலாஸ் அங்கிள்தான் எழுந்து போய்த் தண்ணீர் வாங்கிவந்து தந்தார். "தம்பி, நீதான் அப்பாவை அனுப்பினது எண்டு நினைச்சன்" என்றார். அப்பா பெரிய வீதி வரைக்கும் நடந்து, அங்கே நின்ற ஒரு மாணவியிடம் கேட்டு, ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ், பிறகு இன்னொன்று என்று மாறி மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டாராம். நான் குளக்கரையில் பற்றையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அவர் கோப்பிக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது காரில் சண்டை பிடித்தேன். பொலிஸ், பிரதீபா அழுதது, நீ சீனாவில் விமானத்துக்கு அலைவது, எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உனக்காகவும் கதைத்தேன், நம்பு. "அவள் ஆறு வருசமா உங்களைப் பார்க்கிறதுக்காக ஒரு இடமும் போகாமல் இருந்தவள். அவளுக்கு இதையோ குடுக்கிறியள்?" என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாமல் விடுவோமா என்று இன்று முழுவதும் யோசித்தேன்.

"அவள் என்னைப் பார்க்கேல்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். கலியாணம் முறிஞ்சு வந்து நிண்டவள். அம்மாவும் போயிட்டா. அந்த நேரம் அவளை எப்பிடித் தனிய விடுறது? கொஞ்சம் தேறட்டும் எண்டு இருந்தன். பிறகு தேறிட்டாளோ எண்டு கேக்கவும் ஏலாமப் போச்சு. கேட்டால், போகச் சொல்லுறன் எண்டு நினைப்பாள்."

நீக்கிலாஸ் அங்கிளின் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறதாம். இரண்டு வருடமாக வா வா என்று கேட்கிறாராம். அப்பா உனக்காக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அப்ப என்ர வீட்டில என்ன குறை?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு குறையும் இல்லை மகன். நல்ல வீடு. பிரதீபாவும் நல்ல பிள்ளை. வெளிக்கிட்டால் போறதுக்கு ஒரு இடம் இல்லை, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து வாகனத்தை நிறுத்திவிட்டு நான் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன். எனக்கும் இங்கே போக இடமில்லை என்பதை இவ்வளவு நாளும் யோசித்ததில்லை. வேலைக்குப் போவேன், வருவேன்.

சனிக்கிழமை அவரை நீக்கிலாஸ் அங்கிளிடம் கொண்டுபோய் விடச் சொல்கிறார். நீ என்ன சொல்கிறாய்? கோபப்பட்டாலும் பரவாயில்லை, எழுது.

அண்ணா


சொங்சிங்
9 ஒக்டோபர் 2025

அண்ணா,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். மேசைக்கு நடுவில் அடுப்பு, அதன்மேல் செத்தல் மிளகாய் மிதக்கும் சிவப்புக் குழம்புச் சட்டி. எல்லாரும் அதற்குள் இறைச்சியைப் போட்டு அவித்துச் சாப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் கண்ணாலும் மூக்காலும் ஓடுகிறது. நான் அழுததை ஒருவரும் கவனிக்கவில்லை. பரிசாரகப் பெண் மட்டும் உறைப்புக் கூடிவிட்டது என்று நினைத்துச் சோயாப்பால் கொண்டுவந்து வைத்தாள்.

ஆறு வருடம். ஒட்டாவா வேலை. வன்கூவருக்கு வா என்று கேட்ட சிநேகிதி. வார இறுதிகளில் அவருக்குப் பிடித்த ஒடியல் கூழ். எனக்கு மணமே பிடிக்காது, மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டினேன். அவரோ எனக்காக அதைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நினைக்க நினைக்கக் கோபம் ஆறவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். நேற்று முழுவதும் நடந்தேன். இரண்டு ஆறுகள் சேரும் துறைமுகத்துக்குப் போனேன். ஒன்று பச்சை, ஒன்று மண்நிறம். சேர்ந்த பிறகும் வெகுதூரத்துக்கு ஒன்றோடொன்று கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. அதைப் பார்க்கச் சனம் நெருக்கியடிக்கிறது. எனக்கு அங்கேயும் நிற்க முடியவில்லை.

கடைசியில், போன் வேண்டாம் என்று சொன்ன நானே இன்று காலை அப்பாவுக்கு எடுத்தேன். உங்களுக்கு அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். நீங்கள் மேசையில் இருந்திருப்பீர்கள். அவர் தன் பக்கத்தை மட்டும் கதைத்ததைக் கேட்டிருப்பீர்கள். மற்றப் பக்கம் இதுதான்.

நான் ஆற்றுக்கு மேலால் போகும் கம்பிவடக் கூண்டுக்கு வரிசையில் நின்றேன். வணக்கம், சுகம், சாப்பாடு எல்லாம் முடிந்தது. பிறகு கேட்டேன்.

"அப்பா, நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தனீங்களோ?"

"கொண்ணன் சொல்லிப்போட்டானோ" என்றார். நீங்கள் எழுந்து போனீர்கள் போல, கதிரை இழுபட்டது.

"நீ கோவமோ?"

"ஓம்."

"சரி" என்றார். "ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லு. உனக்கு என்னோட இருக்க விருப்பமோ?"

எனக்கு முன்னால் நின்ற சிறுமி ஐஸ்கிறீமைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தாய் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை அப்பா" என்றேன்.

"எனக்கும் இல்லை மகள்."

அண்ணா, அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு உடையும் என்று நினைத்தேன். உடையவில்லை. சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அம்மா போன பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

சனிக்கிழமை அவரைக் கொண்டுபோய் விடுங்கள். அவருடைய தலையணையை எங்கள் அப்பாட்மென்டில் இருந்து எடுத்துக் கொடுங்கள், மற்றதில் அவருக்கு நித்திரை வராது. ஒன்று சொல்கிறேன், நீங்கள் கோபித்தாலும் சரி. அவரை இறக்கிவிட்டு உடனே திரும்பாதீர்கள். உங்களுக்கும் ஒரு கை விளையாடத் தெரியும்.

நான் நாளை மறுதினம் படகு ஏறுகிறேன். மாதக் கடைசியில் வந்து என்ன செய்வேன் என்று தெரியாது. அந்த அப்பாட்மென்டில் தனிய இருப்பேனா, ஒட்டாவாவில் திரும்பக் கேட்பேனா, ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பது இரவில் பயமாக இருக்கிறது. பகலில் இல்லை.

சிரித்து முடிந்தபிறகும் அப்பா போனை வைக்கவில்லை. "அங்க என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"சனம்தான் அப்பா."

"எவ்வளவு சனம்?"

"எல்லாப் பக்கமும்."

"நடுவில நிண்டு கதைக்காத, ஆக்கள் தள்ளுவாங்கள். நட" என்றார். "நடந்துகொண்டு சொல்லு."

வரிசை நகர்ந்தது. நான் நடந்தேன். பலூன்காரர், படிகள், ஆறு, எதிரே வந்த கூண்டில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்ற முகங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

தக்ஷிகா